கரும்புள்ளி கூடினால் வெயில் கூடுமா?

நாவலூரில் எங்கள் அடுக்ககத்து மொட்டைமாடியில், கானத்தூர்க் கடற்கரைப் பக்கம் ஏறிவரும் சூரியனைச் சின்னத் தொலைநோக்கி வழியே வெள்ளைத் தாளில் விழவைத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். மிளகு சிந்தியதுபோல் ஐந்தாறு புள்ளிகள். "இவ்வளவு கறுப்பு இருந்தா வெயில் குறையணுமே மாமா?" என்றாள் ஒருத்தி.

குறையத்தான் வேண்டும். சூரியனின் மேற்பரப்பு உலைநீர்போல் கொதிக்கிறது. சூடான வாயு மேலே வரும், ஆறியது உள்ளே இறங்கும். வலுவான காந்தப்புலம் அந்தக் கொதிப்பை அடக்கிவிடும் இடமே கரும்புள்ளி. சுற்றிலும் ஏறத்தாழ 5,800 கெல்வின் என்றால் அங்கே 4,000. பெரிய புள்ளிக்கூட்டம் சூரிய முகத்தைக் கடக்கும் நாட்களில் ஒளி குறைவதைச் செயற்கைக்கோள்கள் அளந்திருக்கின்றன.

ஆனால் 1978 முதல் நடந்துவரும் அதே அளவீடுகள் இன்னொன்றையும் சொல்கின்றன. சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில், புள்ளிகள் மிகுந்த காலத்தில்தான் சூரியன் சற்றே கூடுதலாக ஒளிர்கிறது!

காரணமும் காந்தம்தான். புள்ளிகளைச் சுற்றி அது மெல்லிய குழாய்களாகவும் சிதறிக் கிடக்கிறது. குழாய்க்குள் அழுத்தத்தில் ஒரு பங்கைக் காந்தப்புலமே தாங்குவதால் வாயு அடர்த்தி குறைவு. நம் பார்வை ஆழமாக இறங்குகிறது. குறுகிய உறைகிணற்றை எட்டிப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், உறைகள் தணலாய்ச் சிவந்திருக்கின்றன. அகன்ற கரும்புள்ளியின் நடுவுக்குச் சுவரின் சூடு எட்டாது; குறுகிய குழாயை அது நிறைத்துவிடும். சூரிய விளிம்பில் குழாய்களைச் சாய்வாகப் பார்ப்பதால் அந்தச் சுவர் நன்றாகத் தெரியும். இந்தக் குழாய்கள் திரண்டு தெரியும் வெண்திட்டுகள் ஒவ்வொன்றும் மங்கல்தான். ஆனால் பரப்பிலும் ஆயுளிலும் புள்ளிகளை மிஞ்சுவதால் கணக்கில் வென்றுவிடுகின்றன.

செயற்கைக்கோளுக்கு முந்தைய காலத்துக்குச் சாட்சி நம் மலையிலேயே இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904-இல் தொடங்கி எடுத்த படங்களில், கால்சியம் உமிழும் ஊதா ஒளியில் பதிந்தவை இந்தக் காந்தத் திட்டுகளைப் பளிச்சென்று காட்டுகின்றன. நூறாண்டுக் கண்ணாடித் தகடுகளை எண்மயமாக்கி, அன்றைய சூரியனின் ஒளியைக் கணிக்க ஆய்வாளர்கள் பயன்படுத்துகிறார்கள். தலைமுறை தலைமுறையாக மேகம் விலகக் காத்திருந்து படம் பிடித்தவர்களை நினைத்தால் கைகூப்பத் தோன்றுகிறது.

கூடும் ஒளி எவ்வளவு? வளிமண்டலத்துக்கு வெளியே சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட். அதில் ஏறக்குறைய ஒரு வாட். எங்கள் மாடியின் சோலார் பலகைக்கு ஒரு மேகம் கடந்தால் இழப்பு அதைவிடப் பன்மடங்கு.

மறுநாள் காலை அந்தப் பெண் புள்ளிகளை எண்ணவில்லை. தாளில் சூரிய வட்டத்தின் விளிம்பைத்தான் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.