இலை போடும் வரைதான் ஆட்டம்

கல்யாண வீட்டில் தாலி கட்டி முடிந்திருக்கும். பந்திக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். முகப்பை ஒட்டிய பட்டாலையில் யாரோ ஜமக்காளத்தை உதறி விரிப்பார். அம்மான் முறையுள்ள ஒருவர் மடியிலிருந்து சீட்டுக்கட்டை எடுப்பார். ஈப்போவிலிருந்து வந்தவர், மதுரையில் கடை வைத்திருப்பவர், போன மாதம்தான் கோயில் கணக்கில் சண்டை போட்டுக்கொண்ட பங்காளிகள் இருவர் என்று எல்லோரும் ஒரே வட்டத்தில் சம்மணமிட்டு உட்காருவார்கள். வெற்றிலைப் பெட்டி நடுவில் வரும். ஒருவர் கலைத்துப் போடுவார், அடுத்தவர் வெட்டுவார். “ஸ்கூட்”, “நான் ஆடுறேன்”, “மிடில் ஸ்கூட்”, “டிக்!” என்று குரல்கள் எழும். திடீரென்று இரண்டாம் கட்டிலிருந்து ஆச்சி ஒருவரின் குரல் வரும்: “இலை போட்டாச்சு, எந்திரிங்க!” அவ்வளவுதான். கையில் நல்ல சீட்டு வைத்திருந்தவர் முணுமுணுத்துக்கொண்டே எழுந்திருப்பார். ஆட்டம் முடிந்தது.

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் என்று செட்டிநாட்டு ஊர்களின் பெரிய வீடுகள் பலவற்றிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் சீட்டு நடந்தது. ரம்மிதான் பெரும்பாலும். மூளையைக் கசக்க விரும்புகிறவர்களுக்கு 304. பிள்ளைகளுக்குக் கழுதை. சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழிக்கத் தாயமும் பரமபதமும். இருவர் இருவராகக் கூட்டுச் சேர்ந்து ஆடும் சொக்கட்டானை, இந்த ஊர்களின் செட்டியார்களான நகரத்தார் இன்றும் கைவிடவில்லை.

304 என்ற பெயரே ஒரு கூட்டல் கணக்கு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு நிறத்துக்கு 76. நான்கு நிறத்துக்கும் சேர்த்து 304. தென் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இதை ஆடிய தலைமுறைக்கு, துருப்பை எப்போது திறப்பது, கூட்டாளி என்ன நினைக்கிறார் என்று கணிப்பதெல்லாம் ஏட்டில் படிக்காத பாடம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போனவர்களுக்கு அது தொழிலுக்கும் உதவியிருக்கும். அங்கே தொழிலிடமான கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் முதலில் கற்பது எதிரில் உட்கார்ந்து கடன் கேட்பவரின் முகத்தைப் படிப்பது. அடுத்தது, பேரேட்டில் பற்றும் வரவும் எழுதி ஐந்தொகை எடுப்பது. சீட்டில் ஜெயிக்கத் தேவையானதும் இந்த இரண்டும்தானே?

அந்தக் காலத்தைத் தங்கமுலாம் பூசிக் காட்ட வேண்டியதில்லை. சீட்டில் நிலத்தை விட்டவர், ஆத்தாளின் நகையை அடகு வைத்தவர் என்று ஊருக்கு ஒரு கதை உண்டு. பட்டாலை ஆண்களின் இடம். ரம்மியில் கெட்டிக்காரியான ஆச்சிக்கு, வீட்டின் உட்பகுதியான வளவைத் தாண்டி அங்கே இடமில்லை. ஆனால் ஒன்று. ஒருவர் நூறு ரூபாய் விட்டால் அது அடுத்தவர் மடிக்குப் போனது. அவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். மறுநாள் காலை அந்தச் செய்தி தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை போய்விடும். தோற்றவருக்கு வேலி போட்டது சட்டமில்லை, ஊர் வாய்.

சட்டமும் இருந்தது. தமிழ்நாடு சூதாட்டச் சட்டம் 1930-ஆம் ஆண்டினுடையது. வெறும் திறமை ஆட்டங்களுக்கு அதில் விலக்கு உண்டு. ரம்மி எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் 1967-இல், ஆந்திர வழக்கு ஒன்றில் பதில் சொன்னது. விழுந்த சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைக் கழிப்பது என்று தீர்மானிக்க வேண்டும். ஆகவே ரம்மியில் திறமையே மேலோங்குகிறது என்றது. மூணு சீட்டை அந்தத் தீர்ப்பு வெறும் அதிர்ஷ்டத்தின் பக்கம் தள்ளியது. மனமகிழ் மன்றங்களில் ரம்மி மேசைகள் தெம்பாக நின்றது இந்தத் தீர்ப்பின் பலத்தில்தான்.

பின்னாளில் சீட்டுக்கு ஒரு சினிமா முகம் கிடைத்தது. சினிமா காரைக்குடிக்குப் புதிதில்லை. ஏவி. மெய்யப்பச் செட்டியார் இங்கே தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு எடுத்த ‘நாம் இருவர்’ 1947-இல் வெளியானது. பிறகு அவருடைய ஸ்டூடியோ வடபழனிக்குப் போனது. ஆனால் அந்தக் காலத்துப் படங்களில் சீட்டுக்கட்டு யார் கையில் இருந்தது என்று நினைத்துப் பாருங்கள். கிளப், சுருட்டுப் புகை, கண்ணாடிக் கோப்பை, எதிரில் வில்லன். கதாநாயகன் அங்கே போனால் குடும்பத்தை இழக்கத்தான் போவான். 2011-இல் ஒரு சீட்டாட்டத்தின் பெயரையே தலைப்பாக வைத்து அஜித்தின் 50-ஆவது படம் ‘மங்காத்தா’ வந்தபோது, சீட்டு கதாநாயகன் கைக்கு வந்துவிட்டது. அடுத்த பத்தாண்டில் கைப்பேசித் திரையில் தோன்றிய நட்சத்திரங்கள் அந்தச் சீட்டை நம் கையில் கொடுத்தார்கள்.

போக்கர் என்ற சீட்டாட்டத்துக்கு நட்சத்திர ஒளி கிடைத்தது அமெரிக்காவில். 2003-இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற சாதாரணக் கணக்கர், சொற்பக் கட்டணத்தில் இணையப் போட்டி ஒன்றில் ஜெயித்து இடம்பிடித்து, லாஸ் வேகாஸ் உலகப் போட்டியில் 25 லட்சம் டாலர் அள்ளினார். அதே ஆண்டு திரைப் பிரபலங்கள் மேசையில் உட்கார்ந்து ஆடும் தொலைக்காட்சி நிகழ்ச்சி தொடங்கியது. 2004-இல் நடிகர் பென் அஃப்லெக் கலிஃபோர்னியா மாநிலப் போட்டியையே வென்றார். கணக்கர் ஜெயிக்கிறார், நடிகர் ஜெயிக்கிறார். நாம் ஏன் ஜெயிக்கக் கூடாது? உலகம் முழுக்க அந்த ஆசை பரவியது. இங்கே ஆன்லைன் சீட்டு நிறுவனங்களான போக்கர்பாஸிக்கு ஷாஹித் கபூர், ஏ23-க்கு ஷாருக் கான், அடா52-க்கு கிறிஸ் கெய்ல் என்று விளம்பர முகங்கள் வந்தன. 2020 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஆன்லைன் விளையாட்டு விளம்பரங்கள் தொடர்பாக விராட் கோலி, சவுரவ் கங்குலி, பிரகாஷ் ராஜ், தமன்னா உள்ளிட்டோருக்கு நோட்டீஸ் அனுப்பியது.

விளம்பரத்தில் சிரித்தது ஒரு முகம். ஆட்டத்தில் எதிரே இருந்தது யார்? ஒரு புனைபெயரும் வட்டப் படமும். அவர் அம்மானா, பங்காளியா, நம்மைப்போல் கடன்காரரா, ஒன்றும் தெரியாது. பட்டாலையில் ஆறு பேர் முகம் பார்த்து ஆடிய ஆட்டத்தில், முகம் வாசலில் நின்று கூப்பிட்டது. உள்ளே போனால் யாருமில்லை.

பழைய செட்டியார் ஒருவரிடம் இந்த ஆன்லைன் வியாபாரத்தின் கணக்கைக் கொடுத்திருந்தால் ஐந்தொகை எடுத்துவிட்டு ஒரு நிமிடத்தில் மூடி வைத்திருப்பார். பட்டாலையில் போட்ட காசு பட்டாலைக்குள்ளேயே சுற்றும். இங்கே ஒவ்வொரு ஆட்டத்திலும் நிறுவனம் தன் பங்கை எடுத்துக்கொண்டது. 2023 அக்டோபரிலிருந்து கட்டிய தொகை முழுவதற்கும் 28 சதவீத ஜிஎஸ்டி இருந்தது. கட்டிய 100 ரூபாயில் ஏறக்குறைய 22 ரூபாய் வரியாகப் போனது. ஜெயித்தால் நிகர வெற்றியில் 30 சதவீதம் பிடித்தம். எதிராளியைவிடக் கொஞ்சம் நன்றாக ஆடினால் போதாது; நிறுவனத்தையும் வரியையும் சேர்த்து ஜெயிக்க வேண்டியிருந்தது.

அதோடு வேகம். பட்டாலையில் ஒரு ஆட்டம் முடிந்து, புள்ளி எழுதி, வம்பு பேசி, வெற்றிலை போட்டு அடுத்தது தொடங்கும். கைப்பேசியில் விட்டதைப் பிடிக்க அடுத்த மேசை ஒரு தொடுதலில் திறந்தது. நள்ளிரவு இரண்டு மணிக்கு எந்த ஆச்சி வந்து எழுப்புவார்? கடன் செயலி அழைத்தபோதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது. தமிழ்நாட்டில் உயிர்கள் போயின.

அரசும் நீதிமன்றமும் ஐந்து ஆண்டுகள் மாறி மாறி ஆடிய ஆட்டம் தனிக்கதை. 2020 நவம்பரில் ஆன்லைன் காசு ஆட்டத்துக்குத் தடை போட்டு அவசரச் சட்டம். அதைத் தொடர்ந்த சட்டத்திருத்தத்தை 2021 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. நீதிபதி கே. சந்துரு குழு 2022-இல் அறிக்கை தந்தது. புதிய மசோதாவை ஆளுநர் திருப்பி அனுப்ப, பேரவை 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமானது. அந்த ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம், அதிர்ஷ்ட ஆட்டங்களுக்கான தடை சரி, ரம்மியையும் போக்கரையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது தவறு என்றது. 2025 தொடக்கத்தில் மாநில இணைய விளையாட்டு ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது: நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு ஆட்டம் கூடாது. அந்த ஜூனில் நீதிமன்றமும் அதை ஏற்றது. அரசாங்க மொழியில் எழுதியிருந்தாலும் அதன் பொருள் நமக்குப் பழக்கமானதுதான்: இலை போட்டாச்சு, எந்திரிங்க.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஜமக்காளத்தையே சுருட்டிவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, காசு வைத்து ஆடும் எந்த இணைய ஆட்டத்துக்கும் தடை. விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம். நட்சத்திர முகங்கள் திரையிலிருந்து மறைந்தன. நிறுவனங்கள் காசு ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு நீதிமன்றப் படியேறின.

ஆசை மறையவில்லை. பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ பெங்களூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊர் வரும் பிள்ளைகளின் பெட்டியில் இப்போது பிளாஸ்டிக் போக்கர் காய்கள் வருகின்றன. பாட்டன் காலத்துப் புளியங்கொட்டைக் காய்களுக்குப் பதில் வந்தவை. ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து. ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பதுதான் ஆட்டம். இந்த முறை வட்டத்தில் பெண்களும் உட்காருகிறார்கள். காய்க்கு மட்டும் ஆடும் அந்தப் பிள்ளைகளுக்கு, பட்டாலைக்காரர்கள் நான்கு விஷயம் சொல்லியிருப்பார்கள்.

ஒன்று, ஸ்கூட் போடக் கற்றுக்கொள். ரம்மியில் முதலிலேயே விலகினால் 20 புள்ளி, நடுவில் விலகினால் 40, கடைசிவரை இழுத்து மாட்டிக்கொண்டால் 80. போக்கரிலும் அதே நியாயம். ஜோடிச் சீட்டு வருவதே 17 கைக்கு ஒருமுறை. இரண்டு ஆசு வருவது 221 கைக்கு ஒருமுறை. மற்றபடி வரும் கைகளில் பெரும்பாலானவை வைத்துவிட வேண்டியவை. புதிதாக ஆடுகிறவர் தோற்பது சலிப்பால். சும்மா உட்கார முடியாமல் எல்லாக் கையையும் ஆடிவிடுவார்.

இரண்டு, கடைசியில் பேசுகிறவனுக்கே லாபம். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் சுமாரான சீட்டையும் ஆடலாம். முதலில் பேச வேண்டிய இடம் என்றால் சீட்டு நன்றாகவே இருக்க வேண்டும்.

மூன்று, கணக்குப் பார். ஒரே நிறத்தில் நான்கு சீட்டு சேர்ந்து, ஐந்தாவதற்குக் காத்திருக்கிறாய். இன்னும் ஒரு சீட்டுதான் வரவேண்டும். கிடைக்கும் வாய்ப்பு ஐந்தில் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு. நடுவில் 300 காய் இருக்கிறது, நீ போட வேண்டியது 100. நாலு முறைக்கு ஒருமுறையாவது ஜெயித்தால்தான் முதல் தேறும். தேறாது, வைத்துவிடு. நடுவில் 600 இருந்தால் பேச்சே வேறு.

நான்கு, பொய்க்குப் பயப்படத் தெரிந்தவனிடம்தான் பொய் செல்லும். எதைக் காட்டினாலும் காசைப் போட்டுப் பார்த்துவிடும் மச்சானிடம் மிரட்டல் ஆட்டம் ஆடி என்ன பயன்? அவரிடம் நல்ல சீட்டு வரும்வரை பொறு.

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதைப் பட்டாலையில் யாரும் சொல்லித்தந்ததில்லை; சொல்ல வேண்டியிருந்ததுமில்லை. எப்போது எழுந்திருப்பது என்பதை அந்த ஆட்டத்தில் வேறொருவர் தீர்மானித்தார். இரண்டாம் கட்டில் சோறு வடித்துக்கொண்டிருந்த ஆச்சிக்கு ரம்மி தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருந்திருக்கலாம். யார் ஜெயிக்கிறார், யார் விட்டதைப் பிடிக்கத் துடிக்கிறார் என்று அவர் பார்க்கவில்லை. இலை விழுந்தால் எழ வேண்டும், அவ்வளவே. இன்று அந்தக் குரலையும் ஆடுகிறவனே தனக்குக் கொடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உட்காரும்போதே இத்தனை காய், இத்தனை மணி என்று சீட்டின் உறையில் எழுதி வைத்துக்கொள்ளும் பிள்ளைகளை அண்மையில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்தேன். மணி ஒன்றானதும் கைப்பேசியில் அலாரம் அடித்தது. நல்ல சீட்டு வைத்திருந்த பெண் முணுமுணுத்துக்கொண்டே எழுந்தாள். பந்தியில் வெள்ளைப் பணியாரம் சூடாக இருந்தது.