தங்கையின் தட்டைப் பார், தோழா!

சவ்வாது மலையிறங்கிக் கலசப்பாக்கம் வழியே செய்யாறு ஓடுகிறது. ஆற்றில் நீர் வற்றினால் மனுக் கொடுக்கிறோம், மறியல் செய்கிறோம். வீட்டுப் பெண்ணின் உடலில் குருதி வற்றுகிறதே, கேட்டோமா?

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019–21, கூறுகிறது: தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் இரத்தசோகை! இந்தியா முழுவதிலும் 100க்கு 59 பேர்!

விதியா? வெங்காயம்! வளரும் உடல் இரும்புச்சத்துக் கேட்கிறது. மாதந்தோறும் குருதி போகிறது. கிடைப்பதோ கடைசியில் மிஞ்சிய சோறு. அண்ணனுக்கு முட்டை, தங்கைக்கு ரசம்! மனுவை மேடையிலே எரித்துவிட்டு அடுக்களையிலே அமர்த்தியிருக்கிறோம்.

பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை. பள்ளியை விட்டவர்க்கு அங்கன்வாடியில். மலம் கறுக்கிறதென்று பாட்டி எறியச் சொல்வாள். அதனால் கெடுதலில்லை; கறுப்பைக் கண்டு நாமா அஞ்சுவது! சாப்பிட்டபின் விழுங்கட்டும். உடனே தேநீர் வேண்டாம், சத்தைத் தடுக்கும். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் நெல்லிக்காயும் நம் ஊர்ச் சரக்குதானே?

பதினாறில் தாலியென்றால்? வளர்ந்து முடியாத உடலில் இன்னோர் உயிர். சோகைத் தாய்க்கு எடை குறைந்த பிள்ளை. 1989இல் கலைஞர் அரசு, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவி தந்தபோது எட்டாம் வகுப்பை நிபந்தனையாக்கியது ஏன்? பெண் பள்ளியிலே நிற்கட்டுமென்று! 2022இல் அதுவே புதுமைப்பெண் திட்டமாகி, கல்லூரிக்கு மாதம் 1,000 ரூபாயானது.

கிளைக்கழகத் தோழா! ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு உன் தங்கையை அழைத்துப் போ. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இருக்கிறதா என்று கேள்.