கிளாஸ்கோவின் பழைய சந்துகள்
தாமஸ் அன்னான் (1829–1887)
ஒளிப்படங்கள், 1868–1871

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் நெரிசலான பழைய குடியிருப்புகளை இடித்துத் தள்ள 1866-இல் சட்டம் வந்தது. இடிப்பதற்கு முன் அவற்றைப் படமெடுத்து வைக்கும் பணி அன்னானுக்குக் கிடைத்தது.

அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, ஈரம் காயுமுன் படமெடுத்துக் கழுவியாக வேண்டும். உயர்ந்த கட்டடங்களுக்கிடையே வெளிச்சமோ குறைவு. லென்ஸை நெடுநேரம் திறந்துவைக்க வேண்டியிருந்தது. கல் தரையும் நடுவே ஓடும் சாக்கடையும் துல்லியமாகப் பதிந்திருப்பதைப் பாருங்கள். காற்றில் ஆடிய துணிகள் கலங்கித் தெரிகின்றன. அசையாமல் நின்றவர்களுக்கே முகம் உண்டு. ஓடியாடிய பிள்ளைகள் வெறும் புகைப்படலம்.

தலைப்புகளில் கதவு எண்ணும் தெருப்பெயரும்தான். அங்கே வாழ்ந்தவர்கள் பெயர் இல்லை. இப்படங்கள் 1900-இல் நூலாக மறுபடியும் அச்சாயின.