கை நலம்தான், கட்டளை எங்கே?

உங்கள் வலக்கையை மேசைமீது விரித்து வையுங்கள். மற்ற விரல்கள் அசையாமல் ஆள்காட்டி விரலை மட்டும் தூக்குங்கள். எளிய வேலைதான், இல்லையா? பக்கவாதம் தாக்கிய ஒருவருக்கு இதுவே பெரும்பாடு ஆகிவிடுகிறது. ஆனால் அவருடைய கையின் எலும்போ தசையோ பழுதாகவில்லை. பழுது மூளையில் இருக்கிறது.

பெருமூளையின் இரு பாதிகளிலும், காதுக்கு மேலிருந்து உச்சியை நோக்கிச் செல்லும் ஒரு பட்டை உண்டு. இதுவே இயக்கப் பகுதி. மாண்ட்ரியல் நகரில் அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டு, விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தூண்டி, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று கண்டறிந்து 1937இல் வெளியிட்டார். முதுகுக்கும் வயிற்றுக்கும் அப்பட்டையில் கிடைத்தது சிறு இடமே. கைக்கோ மிகப் பெரிய இடம்! விரல்களின் நுட்பமான வேலைக்கு அவ்வளவு நரம்பணுக்கள் தேவைப்படுகின்றன.

இங்கிருந்து புறப்படும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறித் தண்டுவடத்தில் இறங்குகின்றன. ஆகவே இடப்பக்க மூளை வலக்கையை ஆள்கிறது. மூளையின் இரத்தக் குழாய் ஒன்று அடைபட்டாலோ வெடித்தாலோ, பிராணவாயு கிடைக்காத நரம்பணுக்கள் மடிகின்றன. கட்டளைப் பாதை அறுகிறது. கம்பி அறுந்தபின் தொலைபேசிக் கருவி நன்றாக இருந்து என்ன பயன்?

சில வாரங்களில் பலருக்குக் கையை மூட முடிகிறது. ஆனால் விரிக்கவோ, ஒரு விரலைத் தனியே அசைக்கவோ முடிவதில்லை. ஏன்? மூளைத்தண்டிலிருந்து இறங்கும் வேறொரு பாதை ஓரளவு பொறுப்பேற்கிறது. அது உடலை நிமிர்த்தி நிறுத்தும் பாதை. அதற்குப் பிடிக்கத் தெரியும். பொத்தான் போடத் தெரியாது.

இழந்த நுட்பம் திரும்புமா? அமெரிக்காவில் ரண்டால்ஃப் நூடோவும் அவருடைய குழுவினரும் அணில் குரங்குகளை ஆராய்ந்து 1996இல் ஒரு விடை தந்தனர். கைக்குரிய மூளைப் பகுதியில் சிறிது சிதைந்தபின், பயிற்சி பெறாத குரங்குகளுக்கு அருகே நலமாக இருந்த கைப் பகுதியும் சுருங்கியது. சிறு குழிகளிலிருந்து விரலால் உணவெடுக்கப் பழக்கிய குரங்குகளுக்கு அது சுருங்கவில்லை. சிலவற்றில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடத்துக்குள்ளும் பரவியது! பயன்படுத்தப்படும் கைக்கு மூளை இடம் ஒதுக்குகிறது.

மடிந்த நரம்பணுக்கள் மீண்டும் பிறப்பதில்லை. எனவே முகம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் செலுத்தியாக வேண்டும்.

பிறகு வருவது பயிற்சி. பக்கவாதத்திலிருந்து தேறிவரும் தாத்தா சட்டைப் பொத்தானோடு போராடும்போது, அன்பினால் நாமே ஓடிப்போய்ப் போட்டுவிடுகிறோம். அடுத்த முறை சற்றுப் பொறுங்கள். அவருடைய மூளை அப்போது பாடம் படித்துக்கொண்டிருக்கிறது.