பாடுபவரின் முதுகுக்குப் பின்னால்

காய்ந்த எண்ணெயில் வரமிளகாய் கருகிவிட்டால், அடுப்படியில் நிற்பவரின் மூக்கில் நெடி நேராக ஏறுகிறது. பிறகு கூரையைத் தொட்டு, சுவரோரமாக இறங்கி, கூடத்தில் பேப்பர் படிப்பவரையும் இரும வைக்கிறது. வாணலியை இறக்கிய பின்னும் உடனே போய்விடுவதில்லை. வீட்டில் பாட்டுப் பதிவு செய்யும்போது குரலுக்கு நடப்பதும் இதுதான். வாய்தான் வாணலி, மைக்தான் மூக்கு. நேராக வந்து சேரும் ஒலி நமக்கு வேண்டியது. டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை, இரும்பு பீரோ என்று எல்லாவற்றிலும் மோதிவிட்டுப் பிந்தி வரும் ஒலி, சொற்களின் விளிம்பை மழுக்கிவிடுகிறது.

இதைத் தடுக்கக் கடைகளில் விற்கும் ஒரு பொருள், மைக்குக்குப் பின்னால் அரைவட்டமாக மாட்டும் ரிஃப்ளெக்‌ஷன் ஃபில்டர். வாணலிக்கு ஒரு பக்கம் மட்டும் ஈரத்துணி பிடிப்பதைப் போன்றது அது. அந்தப் பக்கம் போகும் நெடியில் கொஞ்சம் துணியில் தங்கும். மற்றது மேலேயும் பக்கத்திலும் தாராளமாகப் போகும். வாய்க்கு அருகே இருப்பதால், முன்னோக்கிப் பாயும் கூர்மையான ஒலியில் ஒரு பங்கை ஃபில்டர் முதலிலேயே பிடித்துக்கொள்கிறது. அந்தப் பயன் மெய்யானது, ஆனால் சிறியது.

ஏன் சிறியது என்பது மைக்கைப் பார்த்தால் புரியும். பாடப் பயன்படும் மைக்குகளில் பெரும்பாலானவை கார்டியாய்டு வகை. முன்பக்க ஒலி முழுதாகக் கேட்கும், பக்கவாட்டில் சுமார் 6 டெசிபெல் குறையும், நேர் பின்னால் ஏறத்தாழச் செவிடு. செவிடான பக்கத்துக்குத்தான் நாம் காசு கொடுத்துத் திரை போடுகிறோம்! அந்த மைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது பாடுபவரையும் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் வெற்றுச் சுவரையும். சுற்றிவந்த நெடி மூக்கில் ஏறும் வழி அதுதான். முதல் போர்வையை அங்கே தொங்கவிடுங்கள். அடுத்தது இரு பக்கமும்.

எவ்வளவு துணி வேண்டும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது, அதன் கதையும் அழகானது. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் ஒரு விரிவுரைக்கூடம் பேசவே முடியாதபடி முழங்கிக்கொண்டிருந்தது. சொன்ன சொல் ஐந்து நொடிக்கும் மேலாக அடங்கவில்லை. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் இரவுகளில் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கூடத்துக்குச் சுமந்துவரச் செய்தார். மெத்தைகளைக் கூட்டக் கூட்ட, ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு, முழக்கம் அடங்கும் நேரத்தை அளந்தார். அதிலிருந்து பிறந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் உள்ளது: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறைக்குள் ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால் முழக்க நேரம் நொடிகளில் கிடைக்கும்.

நம் படுக்கையறை ஒன்றில் போட்டுப் பார்ப்போம். 3.5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் என்றால் 31.5 கன மீட்டர். சுவர், தரை, கூரை சேர்ந்து 60 சதுர மீட்டர். வெறும் அறையில் இவை விழும் ஒலியில் 4 சதவீதம்தான் உறிஞ்சும் என்று வைத்துக்கொண்டால், முழக்கம் சுமார் 2.1 நொடி. ஃபில்டரின் பரப்பு 0.15 சதுர மீட்டர் என்றும், விழும் ஒலி முழுவதையும் அது உறிஞ்சும் என்றும் வைத்துக்கொள்வோம். அதைக் கூட்டினால் 2 நொடிக்கு இறங்கும். அதே அறையில் தடித்த ரஜாயும் மெத்தையுமாக 6 சதுர மீட்டரை மறைத்து, அவை 80 சதவீதம் உறிஞ்சுவதாகக் கொண்டால் 0.7 நொடி. சின்ன அறைக்கு இச்சூத்திரம் தோராயம்தான். ஆனாலும் விலைச்சீட்டு சொல்லாத அளவு வித்தியாசத்தை அது காட்டிவிடுகிறது.

இந்த இடத்தில் நெடி உவமை நின்றுவிடுகிறது, ஏனென்றால் ஒலிக்கு அலைநீளம் உண்டு. 3,400 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 10 சென்டிமீட்டர். 200 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 1.7 மீட்டர். பஞ்சுப் பொருள் நன்றாக உறிஞ்ச அதன் தடிமன் அலையின் கால் பங்கையாவது நெருங்க வேண்டும். ஒரு அங்குல ஃபோம் ‘ச’, ‘ஸ’ போன்ற ஒலிகளை விழுங்கிவிட்டு, குரலின் அடிப்பகுதியை அப்படியே திருப்பியனுப்பும். அறை முழுக்க மெல்லிய ஃபோம் ஒட்டியவர்களின் பதிவு மந்தமாக, அடைத்த மாதிரி ஒலிக்கக் காரணம் இதுதான். 10 சென்டிமீட்டர் ராக் வூல் பலகையைத் துணியில் பொதிந்து, சுவரிலிருந்து சற்று விலக்கி நிறுத்தினால் அந்த அடிப்பகுதியிலும் நல்ல பங்கு அடங்கும். இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்ப்பதும் பெரிய உதவி. அதன் தடிமனும் காற்றோட்டமும் இந்த வேலைக்குப் பொருத்தமானவை.

காற்றோட்டம் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பொருளில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள்; மூச்சு சிரமத்தோடாவது உள்ளே போக வேண்டும். தெர்மாகோலில் போகாது, எனவே அது உறிஞ்சாது. முட்டை அட்டையும் ஏறக்குறைய வீண்தான். எளிதில் தீப்பிடிக்கும் பொருளும்கூட. தெருவின் ஹாரன் சத்தத்தை இவற்றில் எதுவும் தடுக்காது. அதற்குக் கனமான கதவும் அடைத்த இடுக்கும் வேண்டும்.

பாப் ஃபில்டரை மட்டும் நான் தயங்காமல் வாங்கச் சொல்வேன். ‘ப’கரக் காற்று மைக்கில் மோதாமல் காப்பதோடு, மைக்குக்கு நெருங்கிப் பாடவும் அது இடம் தருகிறது. 30 சென்டிமீட்டரிலிருந்து 15க்கு வந்தால் நேரடிக் குரல் 6 டெசிபெல் கூடும். அறையின் முழக்கம் அதே அளவில் நிற்கும். மிகவும் நெருங்கினால் கீழ்ச்சுருதி வீங்கும் என்பதால் ஒரு சாண் தூரத்தில் தொடங்குங்கள். பிறகு, உரத்த ஒலியையும் மெல்லிய ஒலியையும் சமப்படுத்தும் கம்ப்ரஸரைப் போடும்போது மெல்லிய ஒலிகளெல்லாம் மேலெழும், முழக்கமும் கூடவே எழும். ஆகவே இந்த 6 டெசிபெல் பொன்னானது.

ரிஃப்ளெக்‌ஷன் ஃபில்டரை ஏற்கெனவே வாங்கியிருந்தால் கழற்ற வேண்டாம். மைக்கை அதன் குழிவுக்குள் ஆழத் தள்ளாமல் விளிம்பை ஒட்டி நிறுத்துங்கள். உள்ளே போகப் போகக் குரலில் ஒரு பெட்டித்தன்மை ஏறும். பாடுபவர் பஞ்சு மெத்தைக்கு முதுகு காட்டி நிற்கட்டும்.