அருகிவரும் அழகுச் செடிகளைக் காக்க மரபணு அடையாளம்

மலைத் தோட்டங்களில் தேயிலைக்கும் காப்பிக்கும் நிழல் தரும் சில்வர் ஓக் மரத்தை நீங்கள் அறிவீர்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அம்மரம் கிரெவில்லியா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. இதே பேரினத்தில், தரையோடு படர்ந்து மணமுள்ள வெண்பூக்களைத் தாங்கும் குறுஞ்செடி ஒன்றும் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை விளையும் காரிகின் வட்டாரத்தைத் தவிர வேறெங்கும் அது இயற்கையாக வளர்வதில்லை. நிலம் திருத்தப்பட்டபின் பெரும்பாலும் சாலையோரங்களில் ஒதுங்கிய இச்செடியில், 47 மட்டுமே எஞ்சியிருப்பதாக அறியப்பட்டது.

பெர்த் நகரின் கிங்ஸ் பார்க் தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் இதைக் காக்க முனைந்தனர். நாற்பத்தேழையும் பெருக்குவது எளிதன்று. எதைத் தாய்ச் செடியாக எடுப்பது? இலையையும் பூவையும் பார்த்துத் தேர்ந்தால் ஏமாந்து போவோம். மண்ணும் உரமும் செடியின் தோற்றத்தை மாற்றிவிடும், மரபணுவை மாற்றுவதில்லை.

இங்கேதான் மரபணு அடையாளம் உதவுகிறது. ஓர் இலையிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, அதன் சில துண்டுகளை மட்டும் பன்மடங்கு பெருக்குவர். பின்பு ஜெல்லில் இட்டு மின்சாரம் செலுத்தினால் சிறு துண்டுகள் விரைந்தும் பெரியவை மெதுவாகவும் நகர்ந்து, பட்டை பட்டையாகத் தெரியும். ஒரே செடியின் போத்துகளில் பட்டைகள் ஒன்றாகவே இருக்கும். வேறு செடியெனில் வரிசை மாறும். பட்டைகள் எவ்வளவு வேறுபடுகின்றனவோ, அவ்வளவு தூரத்து உறவு எனக் கொள்ளலாம். (எந்தச் செடி வறட்சி தாங்கும் என்பதை இப்பட்டைகள் சொல்லமாட்டா.)

இவ்வாறு பத்துத் தாய்ச் செடிகளைத் தேர்ந்து, பெருக்கி, பாதுகாப்பான ஓரிடத்தில் நட்டனர். 1998 இறுதியில் 266 செடிகள் நிலைபெற்று விதையும் தந்தன. முயற்சி வெற்றி என்றே எவரும் சொல்வர். ஆனால் மரபணுச் சோதனை வேறு கதை சொன்னது. 2002இல் வெளியான முடிவுகளின்படி, அங்கிருந்தவை பத்துத் தாய்களின் வழி வந்தவையல்ல. எட்டின் வழியே வந்தவை. மொத்தச் செடிகளில் 54 சதவீதம் ஒரே தாயின் நகல்கள்! விதைகளில் 85 சதவீதம் நான்கு தாய்களின் வழி வந்தவை. அடுத்த தலைமுறையில் உறவுக் கலப்பு 22 சதவீதம் கூடியிருந்தது. கிடேரியை அதன் தகப்பன் காளைக்கே சேர்ப்பதன் விளைவை அறிந்தவர்களுக்கு இதன் ஆபத்து விளங்கும். பார்வைக்கு 266 செடிகள். மரபுச் செல்வத்தை வழங்கும் அளவிலோ ஏறத்தாழ இரண்டு செடிகளுக்குச் சமம்.

எளிதில் வேர்விடும் தாயின் போத்துகளே நாற்றங்காலை நிரப்பிவிடுவது நம் அனுபவத்திலும் உண்டு. ஆகவே அரிய அழகுச் செடிகளை வளர்ப்போர் பல தாய்ச் செடிகளிலிருந்து போத்து எடுக்கவும். ஒவ்வொரு தாய்க்கும் ஓர் எண் கொடுத்து, தொட்டி மாற்றும் போதெல்லாம் அந்த எண்ணையும் உடன் மாற்றி வைக்கவும். ஒவ்வொரு தாயிலிருந்தும் சம அளவில் கன்றுகள் தேறும் வரை காத்திருந்து, கலந்து நடவும். காட்டிலுள்ள செடியாயின் வனத்துறையின் அனுமதி பெற்ற பின்னரே போத்தோ விதையோ எடுக்க வேண்டும்.