மூன்றாண்டுத் தவணை: நகரத்தார் கடைகளில் பொறுப்பு கைமாறிய முறை

சிறு தொழில் ஒன்று எந்த இடத்தில் வளராமல் நின்றுபோகிறது என்று ஆராய்ந்தால், முதலின் குறையைவிட, வாடிக்கையாளரின் குறையைவிட, உரிமையாளர் கல்லாவை விட்டு எழ முடியாத நிலையே பல இடங்களில் காரணமாக இருப்பது புலப்படும். கொள்முதல், கடன் வசூல், கூலிப் பட்டுவாடா ஆகிய அனைத்தையும் ஒருவரே பார்த்தாக வேண்டிய கடை, அந்த ஒருவரின் பொழுது எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் வளர முடியும். பொறுப்பை ஒப்படைத்தல், அதாவது வேலையோடு அந்த வேலையைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரத்தையும் பிறரிடம் கொடுத்துவிட்டு, விளைவுக்குக் கணக்குக் கேட்பது, இன்று மேலாண்மைப் பாடநூல்களில் புதிய உத்திபோலக் கற்பிக்கப்படுகிறது. செட்டிநாட்டு நகரத்தார் அதைத் தொலைபேசி இல்லாத காலத்திலேயே கடல் கடந்து நடத்திக் காட்டினர். அவர்களுடைய முறையின் பலமும் பலவீனமும் இன்றைய சிறு தொழில் செய்வோர் கவனமாகப் படிக்கத் தக்கவை.

1852-ஆம் ஆண்டுப் போருக்குப் பின் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசமாகி, 1869-இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டு, பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கி வந்தபோது, ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்தி வயலாக்கிய உழவர்களுக்குக் கடன் தேவைப்பட்டது. அந்தக் கடனைக் கொடுத்தவர்களுள் முதன்மையானவர்கள் நகரத்தார். 1929-30-இல் ஆய்வு நடத்திய பர்மா மாகாண வங்கித் தொழில் விசாரணைக் குழு, அவர்களுடைய கடைகள் அந்நாட்டில் ஏறத்தாழ 1,650 என்றும், அவற்றில் புழங்கிய முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. தொகை பெரிது, ஆனால் கடை சிறியது. ஒரு ஏஜெண்டு, அவருக்குக் கீழே சில உதவியாளர்கள், ஒரு சமையற்காரர், ஒரு பணப்பெட்டி என்ற அளவில்தான் பல கடைகள் இருந்தன. முதலாளியோ காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இருந்தார். சிங்கப்பூர், பினாங்கு போன்ற ஊர்களில் ‘கிட்டங்கி’ எனப்பட்ட நீண்ட கூடத்தில் பல கடைகள், கடைக்கொரு பெட்டியும் கணக்கு மேசையுமாக, அடுத்தடுத்து அமர்ந்து தொழில் நடத்தியதால், இடத்துக்கான செலவும் சமையலுக்கான செலவும் பகிர்ந்துகொள்ளப்பட்டன.

இம்முறையின் அடித்தளம் பயிற்சி. கடைக்கு வரும் சிறுவன் முதலில் ‘பெட்டியடிப் பையன்’. கூட்டிப் பெருக்குவது, கடிதம் கொண்டுபோவது, தொகை கூட்டிப் பார்ப்பது அவன் வேலை. அதில் தேறியவன் ‘அடுத்தாள்’ ஆகி, வசூலுக்குப் போகவும் ஏடு எழுதவும் பழகி, சில ஆண்டுகள் கழித்தே ‘மேலாள்’ அல்லது ஏஜெண்டு என்னும் நிலைக்கு உயர்ந்தான். ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ நாவலைப் படித்தவர்களுக்கு இந்தப் படிநிலைப் பெயர்கள் அறிமுகமானவை. முந்திரி எனப்படும் முந்நூற்று இருபதில் ஒரு பங்கு வரையிலான பின்னங்களைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்திருந்ததால், வட்டிக் கணக்கை மனத்தாலேயே போடும் வேகம் அவர்களுக்கு வாய்த்தது. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளும் பிறர் கடையில் வேலை பழகும் வழக்கம் இருந்தது என்பது இங்கே குறிப்பிடத்தக்கது, ஏனெனில் சொந்தக் கடையில் பழகும் முதலாளி மகனின் பிழையை யாரும் துணிந்து திருத்துவதில்லை. பிறர் கடையில் அந்தச் சலுகை கிடைக்காது.

பயிற்சி பெற்றவரிடம் கடையை ஒப்படைக்கும்போது எழுதப்பட்ட உடன்பாடுதான் இம்முறையின் நுட்பமான பகுதி. பொதுவாக மூன்று ஆண்டு ஒரு தவணை. அந்தத் தவணை முழுமைக்குமான சம்பளம் முன்கூட்டியே பேசப்பட்டு, அதில் ஒரு பகுதி புறப்படும்போதே குடும்பத்துக்காகக் கொடுக்கப்பட்டது. தவணை முடிவில் லாபம் கண்டிருந்தால் அதிலும் ஒரு பங்கு உண்டு. முதலாளியின் பெயரால் கடன் கொடுக்கவும் வாங்கவும் வழக்காடவும் உரிமை தரும் பவர் பத்திரம் ஏஜெண்டின் கையில் இருந்தது. யாருக்கு எவ்வளவு கடன், எந்த ஈட்டின் பேரில் என்ற முடிவை அந்த ஊரிலிருந்தவரே எடுத்தார். எடுத்தே ஆகவேண்டும், ஏனெனில் செட்டிநாட்டுக்குக் கடிதம் போய் மறுமொழி வருவதற்குள் விதைப்புப் பருவம் கடந்துவிடும். அதே சமயம், அன்றாட வரவு செலவைப் பதியும் குறிப்பு, ஆள்வாரியாகப் பற்று வரவைக் காட்டும் பேரேடு, சொத்தையும் கடனையும் நேர்நிறுத்தும் ஐந்தொகை ஆகியவை தவறாமல் எழுதப்பட்டு, கணக்கின் சாரம் கடிதங்கள் வழியே ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. தவணை முடிந்ததும் புதிய ஏஜெண்டு வந்து, பழையவரிடமிருந்து ஏடுகளையும் பத்திரங்களையும் சரிபார்த்துப் பெற்றுக்கொண்டார். தன் கணக்கை இன்னொருவர் வரிவரியாகப் படிக்கப்போகிறார் என்று மூன்று ஆண்டும் அறிந்திருப்பது எந்தக் கண்காணிப்பைவிடவும் வலியது. கைப்பேசியில் கடையின் கேமராக் காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் இன்றைய உரிமையாளர் பணியாளரின் கையசைவைக் காண்கிறார். அந்தப் பணியாளர் எடுத்த முடிவின் தரத்தை ஏட்டில்தான் காண முடியும்.

திட்டமிடல் கடையில் தொடங்கவில்லை, வீட்டில் தொடங்கியது. திருமணமான மகனையும் மருமகளையும் அதே வளவுக்குள் ‘வேறு வைத்து’, ஆண்டுக்கு இவ்வளவு என்று ஒதுக்கிய தொகைக்குள் தனிச் சமையல் நடத்தச் செய்த வழக்கம், கூட்டுக் குடும்பத்தின் நடுவிலேயே ஒவ்வொரு தம்பதியருக்கும் வரவுக்குள் செலவை அடக்கும் பயிற்சியைத் தந்தது. ரங்கூனில் மாதந்தோறும் நகரத்தார் கோயிலில் கூடி ‘நடப்பு வட்டி’, அதாவது கடைகள் தமக்குள் கொடுத்து வாங்கும் பணத்துக்கு அந்த மாதம் பொருந்தும் விகிதம், முடிவு செய்யப்பட்டது. இதனால் சிறிய கடையும் அடுத்த மாதத்துக்கான பணத்தின் விலையை முன்கூட்டியே அறிந்து திட்டமிட முடிந்தது.

இவ்வளவு நேர்த்தியான முறையும் 1930-க்குப் பின் நெருக்கடியில் வீழ்ந்தது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிய, உழவர்களால் வட்டியும் கட்ட முடியாமல்போக, ஈடாக வைத்த நிலங்கள் கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த நகரத்தார் நிலவுடைமை, 1938-இல் 25 விழுக்காடாக உயர்ந்தது. நிலமிழந்த பர்மிய உழவரின் துயரமும் கோபமும் நியாயமானவை; நிலத்தை விற்றுப் பணமாக்க முடியாத கடைகளுக்கும் அது சுமையே. 1942-இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தபோது பெரும்பகுதி முதல் அங்கேயே சிக்கியது. ஒவ்வொரு ஏஜெண்டும் தன் ஊர் அளவில் சரியான ஈட்டைத்தான் வாங்கினார். ஆனால் எல்லாக் கடைகளின் ஈடும் ஒரே நாட்டின் ஒரே பயிரைச் சார்ந்திருந்தது. கிளையில் எடுக்கும் முடிவை ஒப்படைக்கலாம், கிளைகளைச் சேர்த்துப் பார்க்கும் வேலையை ஒப்படைக்க முடியாது. அது முதலாளிக்கே உரியது. பலர் அதைக் கவனிக்காமல் விட்டனர்.

கவனித்தவர்களும் இருந்தனர். 1900-இல் பர்மாவின் மௌல்மீனில் தொழில் தொடங்கிய ஏ.எம். முருகப்பச் செட்டியாரின் குடும்பம், 1930-களிலேயே தன் முதலை இந்தியாவுக்குத் திருப்பி, பின்னர் உப்புத்தாள், சைக்கிள் போன்ற உற்பத்தித் தொழில்களில் இறங்கியது. எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் நிறுவிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று இடங்களில் ஒரே நாளில் கிளை திறந்தது.

இன்றைய சிறு தொழிலுக்கு இம்முறையை அப்படியே எடுத்துக்கொள்வதில் ஒரு தடை உண்டு. ஏஜெண்டு ஏமாற்றினால் அவர் குடும்பத்தின் மானமும் அடுத்த கடையில் கிடைக்கும் வேலையும் ஒருசேரப் போய்விடும் என்ற உறவின் கட்டு அங்கே இருந்தது. திருப்பூரின் பனியன் பட்டறையிலோ சென்னையின் உணவகத்திலோ இன்று பொறுப்பேற்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராக இருக்கலாம். உரிமையாளருக்கும் அவருக்கும் பொதுவான கோயிலும் இல்லை, உறவும் இல்லை. அன்று உறவு செய்த வேலையை இங்கே எழுத்துதான் செய்ய வேண்டும்: எத்தனை ரூபாய் வரை கேட்காமலே கொள்முதல் செய்யலாம், யாருக்குக் கடன் கொடுக்கலாம், லாபத்தில் அவருக்கு எவ்வளவு, எந்தத் தேதியில் கணக்கை இன்னொருவர் சரிபார்ப்பார் என்பவை, அவர் படிக்கக்கூடிய மொழியில், அவர் கையெழுத்தோடு, பொறுப்பேற்கும் நாளிலேயே அவர் கையில் இருக்க வேண்டும்.